ஓதமும் துப்பும்: கடலோர மர்ம நாவல்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கொலை நடந்த இடத்திற்குக் காவல்துறை வந்து சேர்வதற்குள் கடல் வந்துவிடும். கடற்கரையைக் களமாகக் கொண்ட மர்ம நாவல்களின் தனிச்சுவை இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறக்கிறது என்று நான் கருதுகிறேன். மணலில் பதிந்த காலடி சில மணி நேரத்திற்கு மேல் நிலைப்பதில்லை. பாறைமேல் கிடந்த உடலை அலை கொண்டுபோய்விடுகிறது. காலையில் நடந்து கடந்த மணல்வெளி பிற்பகலில் நீருக்கடியில் இருக்கிறது. அந்த இடைவெளியில் அங்கே தற்செயலாக நிற்க நேர்ந்தவர் எதைப் பார்த்தார், எதைக் குறித்துவைத்தார் என்பதே பிறகு வழக்கின் முதன்மைச் சான்றாகிவிடுகிறது. அப்படி நிற்க நேர்பவர் பெரும்பாலும் காவல் அதிகாரியாக இருப்பதில்லை. விடுமுறைக்கு வந்த எழுத்தாளராகவோ, உடல்நலம் தேற வந்த மூதாட்டியாகவோ, தவறிப்போன கோல்ஃப் பந்தைத் தேடிச் சென்ற இளைஞராகவோ இருக்கிறார். துப்பறிவதைத் தொழிலாகக் கொள்ளாத இத்தகையவர்களும் கடலும் இவ்வளவு இயல்பாகப் பொருந்திப்போவதற்குக் காரணம் இதுதான்.

இவ்வகை நாவல்களின் பெரும்பகுதி ஆங்கிலத்தில், குறிப்பாக 1920, 1930களின் பிரிட்டனில் எழுதப்பட்டது. புதிதாக நுழையும் தமிழ் வாசகர் கையில் கிடைத்ததை எடுத்து, ஊர்ப்பெயர்களிலும் பாத்திரங்களின் எண்ணிக்கையிலும் திணறி, ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். படிக்கும் வரிசையைச் சரியாக அமைத்துக்கொண்டால் இந்தத் திணறல் பெரும்பாலும் நேராது. முடிவுகளை வெளிப்படுத்தாமல் அந்த வரிசையை இங்கே சொல்கிறேன்.

முதல் படி: ஒரு மாலையில் முடியும் சிறுகதை

நாவலுக்குப் போவதற்கு முன் இரண்டு சிறுகதைகளைப் படித்துவிடுங்கள். ஒன்று ஜி. கே. செஸ்டர்டன் எழுதிய ‘தி பெரிஷிங் ஆஃப் தி பென்ட்ராகன்ஸ்’; 1914இல் வெளியான ‘தி விஸ்டம் ஆஃப் ஃபாதர் பிரவுன்’ தொகுப்பில் உள்ளது. உடல்நலம் குன்றித் தேறிவரும் பாதிரியார் பிரவுன் நண்பர்களோடு ஒரு சிறு பாய்மரப் படகில் கார்ன்வால் கரையோரம் செல்கிறார். அங்கே ஒரு பழைய கோபுரமும், கடலில் மாண்டுபோகும் சாபம் பெற்றதாகச் சொல்லப்படும் ஒரு குடும்பமும் எதிர்ப்படுகின்றன. பிரவுனிடம் ஆய்வுக்கூடமோ அதிகாரமோ இல்லை. பாவமன்னிப்பு கேட்க வருபவர்களிடமிருந்து மனித இயல்பைப் பல்லாண்டுகளாகக் கற்ற அறிவு மட்டுமே உண்டு.

மற்றொன்று ஆர்தர் கோனன் டாயில் 1926இல் எழுதிய ‘தி அட்வென்ச்சர் ஆஃப் தி லயன்ஸ் மேன்’. ஷெர்லாக் ஹோம்ஸ் தொழில்முறைத் துப்பறிவாளர் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இக்கதையில் அவர் ஓய்வுபெற்று சசெக்ஸ் கடற்கரையில் தேனீ வளர்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் வழக்கோடு வருபவரும் இல்லை, கதையை எழுதிவைக்க வாட்சனும் இல்லை. கதையை அவரே தம் வாயால் சொல்கிறார். குளிக்கப் போன அறிவியல் ஆசிரியர் ஒருவர் தள்ளாடியபடி மேலேறி வந்து ஹோம்ஸின் கண்முன் விழுந்து இறக்கிறார். இதில் தடயம் எங்கே இருக்கிறது என்று தேடும்போதுதான், கடலோரக் கதையில் நீரையும் ஒரு பாத்திரமாகக் கொண்டு கவனிக்க வேண்டும் என்ற பாடம் நமக்குக் கிடைக்கிறது.

இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகளில் அவருடைய பதிப்புரிமை முடிந்துவிடுவதால், 1930இல் மறைந்த டாயிலின் கதைகளையும் 1936இல் மறைந்த செஸ்டர்டனின் கதைகளையும் கட்டணமின்றிச் சட்டப்படியே படிக்கலாம். பணம் செலவழிப்பதற்கு முன் இந்த வகை உங்களுக்கு உவப்பாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ள இது நல்ல வழி.

இரண்டாம் படி: எளிய மொழியில் ஒரு முழு நாவல்

முதல் நாவலாக நான் எப்போதும் பரிந்துரைப்பது அகதா கிறிஸ்டி 1934இல் வெளியிட்ட ‘வை டிடன்ட் தே ஆஸ்க் எவன்ஸ்?’ என்பதையே. வேல்ஸ் கடற்கரையில் மார்ச்போல்ட் என்னும் கற்பனை ஊர். பாபி ஜோன்ஸ் என்ற பாதிரியார் மகன் கோல்ஃப் விளையாடும்போது பந்து செங்குத்துப் பாறையின் விளிம்பைத் தாண்டிப் போகிறது. தேடிச் சென்றால் கீழே ஒரு மனிதர் குற்றுயிராகக் கிடக்கிறார். நாவலின் தலைப்பாக அமைந்த கேள்வியை மட்டும் சொல்லிவிட்டு உயிர்விடுகிறார். பாபியும், பிரபு வீட்டுப் பெண்ணான அவனுடைய தோழி ஃபிராங்கியும் அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறார்கள்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணங்கள் உண்டு. கிறிஸ்டியின் ஆங்கிலம் பள்ளியில் படித்த ஆங்கிலத்தைக் கொண்டே பின்தொடரக்கூடியது. பெரும்பகுதி உரையாடலாகவே நகர்கிறது. அத்துடன், துப்பறியப் பயிற்சியில்லாத இருவர் எப்படித் தவறுகிறார்கள், எப்படி அவசரப்பட்டு ஒருவரை நம்பிவிடுகிறார்கள் என்பதை இது ஒளிக்காமல் காட்டுகிறது. தொழில்முறைத் துப்பறிவாளர் கதையில் நாம் மேதையின் அருகில் நின்று வியக்கிறோம். இங்கே நமக்குத் தெரிந்த அளவே பாபிக்கும் தெரியும், நாம் ஏமாறும் இடத்தில் அவனும் ஏமாறுகிறான். இந்தச் சமநிலைதான் இவ்வகை நாவலின் உயிர். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’வை நேசித்துப் படித்தவர்களுக்குச் சாமானியர் துப்பறியும் கதை புதிதல்ல, ஆனால் வங்கிக் குமாஸ்தாவான சாம்புவுக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கிறது, பாபியும் ஃபிராங்கியுமோ விடாமல் கேள்வி கேட்டே முன்னேற வேண்டியிருக்கிறது.

படிக்கும்போது ஒரு சிறு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் பெயர், அவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது, அவரைப் பற்றிப் பிறர் சொன்னது ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தால் போதும். இரண்டாவதையும் மூன்றாவதையும் கலந்து எழுதிவிடுவதே புதிய வாசகர்கள் செய்யும் பெரும்பிழை.

மூன்றாம் படி: ஓதத்தைக் கற்றுக்கொள்ளுதல்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நம் கடற்கரைகளில் வளர்ந்தவர்களுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. சென்னைக் கரையில் கடல் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே மாறுகிறது. மெரினாவில் வாழ்நாள் முழுவதும் மாலைநடை போனவர்கூட ஓதம், அதாவது கடல்நீரின் இந்த ஏற்றவற்றம், ஒருவரைச் சிறைவைக்கும் என்பதையோ, ஒரு வழியை மூடித் திறக்கும் என்பதையோ கண்ணால் கண்டிருக்க மாட்டார். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் இந்த மாற்றம் 4 அல்லது 5 மீட்டராக இருக்கிறது. பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் ஏறத்தாழ 14 மீட்டரை எட்டுகிறது. நம் நாட்டில் இதற்கு ஒப்பானது குஜராத்தின் காம்பத் வளைகுடா. அலங்கில் பழைய கப்பல்களை உடைப்பதற்காகக் கரையேற்றுவதே இந்தப் பெரும் ஏற்றத்தின் துணையோடுதான்.

கணக்கு மிக எளியது. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் மெல்லச் சரியும் கரையில் நீர்மட்டம் 5 மீட்டர் இறங்கினால், 500 மீட்டர் அகலத்திற்குப் புது மணல் வெளிப்படும். அந்த மணலில் ஒருவர் நடந்து ஒரு பாறைக்குப் போகலாம். மறுபடியும் நீர் ஏறத் தொடங்கினால் திரும்பும் வழி அடைபடும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடங்கள் ஆகின்றன. ஏற்றத்திலிருந்து வற்றத்திற்கு அதில் பாதி. எனவே நாவலில் காலை 10 மணிக்குக் கடல் உச்ச ஏற்றத்தில் இருந்ததாக ஒரு வரி வந்தால், பிற்பகல் 4 மணி 10 நிமிட அளவில் அது வற்றியிருக்கும், இரவு பத்தரைக்குச் சற்று முன்பு மீண்டும் நிறைந்திருக்கும், மறுநாள் காலையில் உச்சம் 10.50ஐ ஒட்டி வரும் என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றவற்றம் மிகுதியாக இருக்கும் என்பதை நம் மீனவர்கள் யாரும் சொல்வார்கள். கதையில் யாராவது நிலவொளியைப் பற்றிப் பேசினால் அதையும் குறித்துவையுங்கள். நேர்மையான எழுத்தாளர் நிலவின் பிறையையும் ஓதத்தின் அளவையும் முரண்படாமல் வைத்திருப்பார்.

இந்தக் கணக்குத் தெரிந்தபின் டாரதி எல். சேயர்ஸ் 1932இல் வெளியிட்ட ‘ஹேவ் ஹிஸ் கார்கேஸ்’ நாவலை எடுங்கள். இந்த வகை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த தொடக்கம் இதனுடையது. துப்பறியும் நாவல் எழுதிப் பிழைக்கும் ஹேரியட் வேன் தென்மேற்குக் கரையோரமாகத் தனியே நடைப்பயணம் போகிறார். வெறிச்சோடிய கரையில் ஒரு பாறைமேல் கழுத்தறுபட்ட நிலையில் ஓர் இளைஞரின் உடல் கிடக்கிறது. இரத்தம் இன்னும் உறையவில்லை. மணலில் அந்தப் பாறையை நோக்கிப் போகும் ஒரே ஒருவரின் காலடித் தடம்தான் இருக்கிறது. கடலோ ஏறிக்கொண்டிருக்கிறது. உதவிக்கு ஆள் தேடி அவர் வெகுதூரம் நடக்க வேண்டும். திரும்புவதற்குள் உடல் அங்கே இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பதற்றத்தை அடக்கிக்கொண்டு கைக்கேமராவால் படமெடுக்கிறார், சில பொருள்களை எடுத்துவைத்துக்கொள்கிறார், பிறகே நடக்கிறார்.

அந்த முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, நீங்களே அந்த இடத்தில் நின்றால் வேறு எதைக் குறித்திருப்பீர்கள் என்ற கேள்வியோடு. ஹேரியட்டின் நிலைமையில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1930இல் வந்த முந்தைய நாவலில் அவரே ஒரு கொலைவழக்கில் குற்றம்சாட்டப்பட்டு விசாரிக்கப்பட்டவர். எனவே அவர் சொல்வதை உலகம் உடனே நம்பிவிடாது. தொழில்முறை சாராத துப்பறிவாளர் தம் நம்பகத்தன்மையையே பணயம் வைத்துத்தான் ஒவ்வொரு முறையும் வாய்திறக்கிறார் என்பதை இந்த நாவல்போல அழுத்தமாகக் காட்டும் வேறொன்றை நான் படித்ததில்லை.

சேயர்ஸின் மொழி கடினமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. வட்டாரப் பேச்சு வரும். சங்கேதக் கடிதம் ஒன்றை உடைப்பதற்கே நீண்ட பகுதி செலவாகும். முதல் வாசிப்பில் அந்தச் சங்கேதப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். விடை மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் நேரங்களையும் ஓதத்தையும் பற்றிய விவாதங்களில் ஒரு வரியையும் விடாதீர்கள்.

நான்காம் படி: விடுதியில் தங்குவோரை எடைபோடுதல்

கடற்கரை ஊர் சிற்றூரிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. சிற்றூரில் ஒவ்வொருவரின் பாட்டனையும் மற்றவர்களுக்குத் தெரியும். கடற்கரை விடுதியிலோ எல்லாரும் விருந்தினர்கள். தம்மைப் பற்றி அவர்கள் சொல்வதை மறுக்க யாரும் இல்லை. ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் என்று ஒருவர் சொன்னால் மேஜர்தான், விதவை என்று ஒருவர் சொன்னால் விதவைதான். குற்றம் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது.

1964இல் வந்த கிறிஸ்டியின் ‘எ கரீபியன் மிஸ்டரி’ இந்த அம்சத்தின் மீதே கட்டப்பட்டது. மணமாகாத மூதாட்டியான மிஸ் மார்ப்பிள் முந்தைய குளிர்காலத்தில் நோயுற்றதால் மருமகன் அவரை மேற்கிந்தியத் தீவு ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறார். அங்கே பழங்கதைகளை ஓயாமல் பேசும் மேஜர் பால்கிரேவ், கொலைகாரர் ஒருவரின் புகைப்படத்தைக் காட்டுவதாகச் சொல்லி எடுக்கப்போகிறார், மார்ப்பிளின் தோளுக்கு மேலே எதையோ பார்த்துத் திடுக்கிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார், பிறகு இறந்துபோகிறார். மார்ப்பிளின் முறை எளியது: புதிதாகக் காணும் ஒவ்வொருவரையும் தம் ஊரில் பார்த்துப் பழகிய யாரோ ஒருவரோடு ஒப்பிடுவார். அறிமுகமற்ற மனிதர்களுக்கு நடுவே அவரிடம் உள்ள ஒரே உரைகல் அது. நம் வீடுகளில் பாட்டிகள் மாப்பிள்ளை பார்க்கும்போது செய்வதும் ஏறத்தாழ இதுவேதான் என்பதால், மார்ப்பிள் நமக்கு அந்நியமாகத் தோன்றுவதே இல்லை.

இங்கே நீங்கள் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு விருந்தினரைப் பற்றியும் குறிப்பேட்டில் எழுதிய செய்திகளுக்கு எதிரே, அதற்கு வெளிச்சான்று ஏதேனும் உண்டா என்று ஒரு குறியிடுங்கள். பாதிக் கதை முடிந்ததும் குறியில்லாத செய்திகளை மட்டும் தொகுத்துப் பாருங்கள். துப்பறியும் கதை எழுத்தாளர் ரானல்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த துப்பறியும் கதைக்கான பத்து விதிகளில் ஒன்று, துப்பறிவாளர் கண்ட துப்பு எதையும் வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது. அந்த நேர்மையை நம்பி நீங்கள் குறிப்பெடுக்கலாம்.

ஐந்தாம் படி: தீவுக்குப் போதல்

தென்மேற்கு இங்கிலாந்தில், டெவனின் தென்கரையில் பிக்பரி-ஆன்-சீ என்ற ஊருக்கு எதிரே பர்க் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. வற்றத்தின்போது மணலில் நடந்தே போய்விடலாம். ஏற்றத்தின்போது நீருக்கு மேலே உயர்ந்த மேடையுடைய ஒரு கடல் டிராக்டர் ஆட்களை ஏற்றிச் செல்கிறது. 1929இல் கட்டப்பட்ட விடுதி இன்றும் அங்கே உள்ளது. கிறிஸ்டியின் 1939, 1941ஆம் ஆண்டு நாவல்களான ‘அண்ட் தென் தேர் வேர் நன்’, ‘ஈவில் அண்டர் தி சன்’ ஆகிய இரண்டும் இத்தீவோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. அருகிலுள்ள டார்க்கியில் 1890இல் பிறந்து கடலில் நீந்தி வளர்ந்தவர் அவர். 1922இல் ஹவாய்க்குப் போனபோது அலைச்சறுக்கும் பழகியவர். கடல் எப்போது அணைக்கும், எப்போது அடைக்கும் என்பதை உடலாலேயே அறிந்தவரின் எழுத்து இது.

ஆனாலும் இவ்விரண்டையும் நான் ஐந்தாம் படிக்குத் தள்ளிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதலாவதில் துப்பறிவாளரே இல்லை. தீவில் அகப்பட்ட பத்துப் பேரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். இரண்டாவதில் துப்பறிபவர் பாய்ரோ, தேர்ந்த தொழில்முறையாளர். சாமானியர் துப்பறியும் கதைகளில் கடல் எப்படி இயங்குகிறது என்று பழகிய பிறகு இவற்றைப் படித்தால், சாமானியர் இல்லாதபோது என்ன மாறுகிறது என்பது தெளிவாகப் புலப்படும்.

அதே ஊக்கத்தில் வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ நாவலுக்கும் போய்விடுங்கள். 1868இல் தொடராக வந்த இந்தப் பெரிய நாவல் 1799ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் தொடங்குகிறது. அங்கே கொள்ளையடிக்கப்பட்ட வைரம் யார்க்‌ஷயர் கடற்கரை வீடொன்றில் காணாமற்போகிறது. ஓதம் திரும்பும் நேரத்தில் நடுநடுங்கும் புதைமணல் ஒன்று அந்த வீட்டருகே இருக்கிறது. காவல் அதிகாரி கஃப் வந்தும் முடிச்சு முழுதாக அவிழ்வதில்லை. வீட்டுக் காரியஸ்தரும், மருத்துவரின் உதவியாளரும், உறவினரும் தலையிட்ட பிறகே உண்மை வெளிவருகிறது. நீளத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். முதியவர் பெட்டரெட்ஜ் கதை சொல்லும் முதற்பகுதியே உங்களை இழுத்துக்கொண்டுபோகும்.

புதிய நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது

அமெரிக்காவில் இந்த வகை இன்னும் செழிப்பாக இருக்கிறது. 1931இல் ஃபீபி அட்வுட் டெய்லர் உருவாக்கிய ஏசி மேயோ, கேப் காட் பகுதியைச் சேர்ந்த முன்னாள் மாலுமி. வெளியூரிலிருந்து வந்தவர் அல்லர், கரையின் மகன். 1984 முதல் 1996 வரை 264 பகுதிகளாக ஒளிபரப்பான ‘மர்டர், ஷீ ரோட்’ தொடரின் ஜெசிகா ஃபிளெட்சரும் மெய்ன் மாநிலத்துக் கற்பனைக் கடலோர ஊரில் வாழும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. இவர்களின் வழித்தோன்றல்களாக இன்று நூற்றுக்கணக்கான நூல்கள் வருகின்றன. அட்டையில் கலங்கரை விளக்கமும் பூனையும் இருப்பதால் மட்டும் வாங்கிவிடாதீர்கள். முதல் மூன்று அத்தியாயங்களைப் புரட்டி, கடலை அகற்றிவிட்டு அங்கே கொடைக்கானலை வைத்தாலும் அதே குற்றம் அப்படியே நடந்திருக்குமா என்று பாருங்கள். நடந்திருக்குமானால் அது வேறு வகை நாவல். அதைப் படிப்பதில் தவறில்லை, ஆனால் நாம் தேடிவந்தது அதில் கிடைக்காது.

கடைசியாக ஒரு பயிற்சி

1930இல் பிரிட்டனின் துப்பறியும் எழுத்தாளர்கள் கூடி அமைத்த டிடெக்‌ஷன் கிளப், மறுஆண்டே ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்ற நாவலை வெளியிட்டது. ஓதம் ஏறி இறங்கும் ஓர் ஆற்றில் மிதந்து வரும் படகில் கடற்படைத் தளபதி ஒருவரின் உடல் கிடக்கிறது. அதை முதலில் காண்பவர் நீரோட்டத்தைத் தம் உள்ளங்கைபோல் அறிந்த ஒரு முதிய மாலுமி. கிறிஸ்டி, சேயர்ஸ், நாக்ஸ் உள்ளிட்டோர் ஆளுக்கொரு அத்தியாயம் எழுதினார்கள்; தம் அத்தியாயத்தை எழுதும்போதே தமக்கென ஒரு தீர்வையும் மனத்தில் கொண்டு எழுத வேண்டும் என்பது அவர்களுக்கிடையிலான நிபந்தனை. நூலின் பின்னிணைப்பில் அந்தத் தீர்வுகள் பலவும் அச்சாகியுள்ளன.

எனவே இந்நூலை இப்படிப் படியுங்கள். ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தி, படகு எந்த நேரத்தில் எங்கிருந்து அவிழ்க்கப்பட்டிருந்தால் அந்த இடத்தில் வந்து சேரும் என்று உங்கள் ஓதக் கணக்கைப் போடுங்கள். நாக்ஸ் எழுதிய அத்தியாயத்தில் 39 சந்தேகங்களை அவரே பட்டியலிட்டிருப்பார். அவற்றில் உங்கள் குறிப்பேட்டில் ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்தனி பெர்க்லி எழுதிய இறுதி அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன், கொலையாளி யார், படகு ஏன் அங்கே வந்தது என்று உங்கள் விடையை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். பிறகு இறுதி அத்தியாயத்தையும், அதன்பின் பின்னிணைப்பையும் படித்துவிட்டு, உறையைப் பிரியுங்கள்.